துவாஸ் வரை போய் வரும் வண்டி

எங்கள் புளோக்கில் இயேசுதாசனைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. பேசியவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ‘அந்தப் பெரிய வண்டிக்காரர்’ என்பார்கள். வீட்டில் மூன்றே பேர், கீழே கார்ப்பார்க்கில் நிற்பதோ ஏழு பேர் உட்காரும் வண்டி. பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியதும் லிஃப்டில் அவரோடு ஏறியவர்களெல்லாம் அவருக்குப் பொருளாதாரப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். விற்றுவிடலாமே, சின்னதாக ஒன்று பார்க்கலாமே, வீட்டு வாசலிலேயே எல்ஆர்டி ரயில் ஓடுகிறதே என்று ஆளுக்கொரு யோசனை. கேட்காத யோசனையை அள்ளிக் கொடுப்பதில் சிங்கப்பூரிலேயே எங்கள் சுவா சூ காங் பேட்டைக்காரர்கள்தான் கர்ணன்கள். தாஸ் அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுத் தன் மாடி வந்ததும் இறங்கிப் போவார். அடுத்த வீட்டுக்காரியான எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய மகன் எய்டனுக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவைவிட ஒரு சாண் உயரம். பேச்சு வராது. சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். சிறப்புப் பள்ளியில் படிக்கும் வயது முடிந்ததும், அவனைப் போன்றவர்கள் பகலில் போய் இருக்கும் ஒரு நிலையத்தில் இடம் கிடைத்தது. தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான், மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று கொஞ்ச நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவன் அம்மா பிரிஜட் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தாதி உதவியாளராக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு மகனோடு உட்கார்ந்துவிட்டாள்.

பகல் எப்படியோ கழியும். பொழுது சாயும் நேரம்தான் கண்டம். ஏனென்று யாருக்கும் தெரியாது, மாலையானால் அவனுக்குள் ஏதோ ஏறும். நடப்பான், சுவரில் மோதுவான், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடுவான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சத்தம் எங்கள் கூடத்திலேயே எழுவதுபோல் இருக்கும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

அதற்கு மருந்தாக வாய்த்தது வண்டி. ஒருநாள் சமாளிக்க முடியாமல் தாஸ் அண்ணன் அவனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். கிராஞ்சி விரைவுச்சாலை, அங்கிருந்து தீவு விரைவுச்சாலை, கடைசியில் துவாஸ். தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளும் தாண்டி, இதற்கு மேல் ரோடு இல்லை என்கிற இடத்தில் திரும்பிப் பார்த்தால், பையன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ராகம் இழுத்துக்கொண்டிருந்தானாம். அன்றிலிருந்து தினமும் அதே வழி, அதே இடது பக்க ஜன்னல், அதே திருப்பம். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி மறுபடி ஓடும்.

அப்பா அம்மாவையும் மூத்த மகள் ரெனீயையும் சேர்த்துக் கூட்டிப்போவதற்காக அவர் வாங்கிய வண்டி அது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ரெனீ கல்யாணமாகிப் பெர்த்துக்குப் போனாள். சின்ன வண்டிக்கு மாறலாமென்று ஒரு தடவை நண்பரின் காரை இரவல் வாங்கிப் பார்த்தார். அதில் பின்சீட்டிலிருந்து எய்டனின் கை ஓட்டுகிறவர் தலைக்கு எட்டியது. விரைவுச்சாலையில் போகும்போது அப்பாவின் முடியைப் பிடித்து இழுத்தான். அதோடு சின்ன வண்டிப் பேச்சு முடிந்தது.

வண்டிக்குப் பத்து வருடம் முடிந்தபோது தாஸ் அண்ணன் சிஓஇ உரிமத்தை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார். வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைக்கே ஒரு வண்டியின் விலை கேட்கிற ஊர் இது. பிரிஜட்டின் நகைகளில் தாலிச் சங்கிலி மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. மகன் தன் வீட்டில் இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேலை பார்த்த இடத்தில் ஒரே நேரத்தில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துக் குளிப்பாட்டியவள் அவள். யாராவது ‘இல்லம்’ என்று வாயெடுத்தால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். வண்டி ஓடுகிறவரை எய்டன் வீட்டில் இருப்பான் என்று அவர்கள் இருவரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

புதுப்பித்த சில மாதங்களில் பெட்ரோல் ஏறியது. எங்கோ யாரோ சண்டை போட்டார்கள், இங்கே லிட்டர் மூன்று வெள்ளியைத் தாண்டியது, தாண்டிய இடத்தில் நிற்கவும் இல்லை. தாஸ் அண்ணன் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அவர் சம்பளத்துக்கு ஏறத் தெரியாது. வண்டியோ பழசாக ஆக அதிகம் குடித்தது.

முதலில் அவர் தன்னைச் சுருக்கிக்கொண்டார். வேலைக்கு பஸ்ஸில் போனார். சனிக்கிழமை காலையில் எங்களை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போவது நின்றது. மாலையில் ஏர்கானை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். எய்டன் வியர்வையில் சட்டையைக் கழற்றி எறிந்தான். பிறகு எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர். அங்கே பெட்ரோல் மலிவு என்று ஊரே ஓடுகிறது. முக்கால் டேங்க் இருந்தால்தான் எல்லையைத் தாண்ட விடுவார்கள், ஆக நிரப்பிக்கொள்ள மிஞ்சுவது கால் டேங்க். அந்தக் கால் டேங்குக்காக ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். நகராத வண்டி எய்டனுக்கு வண்டியே இல்லை. பிரிஜட் நடுவரிசையில் மண்டியிட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லியபடியே வந்தாளாம். அவள் முழங்கையில் பல் பதிந்த இடம் கறுத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். அண்ணன் தனியாகப் போய் நிரப்பிக்கொண்டு வரலாமென்றால், அவர் திரும்புவதற்குள் மாலை போய்விடும். மாலை போனால் எல்லாம் போச்சு.

அடுத்தபடியாக வழியைக் குறைத்தார். துவாஸ் வரை போகாமல் முன்னாலேயே ஓர் இடத்தில் திரும்பினார். எய்டனுக்கு எழுத்து தெரியாது, வழி தெரியும். வண்டி தவறான இடத்தில் திரும்பியதும் தலையால் கண்ணாடியை முட்டத் தொடங்கியவன் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. நெற்றி புடைத்துப்போய் லிஃப்டில் அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் தாஸ் அண்ணன் மறுபேச்சில்லாமல் துவாஸ் வரை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வழி மட்டும் வேறு. மதியத்துக்கு மேல் துவாஸ், அங்கிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலை பிடித்து நகரத்துக்கு, லிட்டில் இந்தியாவை ஒட்டிய மாதா கோயிலில் மாலைத் தமிழ்ப் பூசை. பிரிஜட் மட்டும் உள்ளே போவாள். பூசை முடியும்வரை தாஸ் அண்ணன் மகனை வைத்துக்கொண்டு புக்கிட் மேரா வரை போய்ச் சுற்றி வருவார். அவர் முழுப் பூசை கண்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. திரும்பும் வழியில் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று பிரிஜட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். விலை ஏறிய பிறகு இந்தச் சுற்றுதான் அதிகம் குடித்தது. தான் பூசைக்கு வராமல் இருந்துகொள்வதாகப் பிரிஜட் சொன்னாள். அதையும் விட்டுவிட்டால் நமக்கென்று என்னதான் மிச்சம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பிரபாகர் வந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை, துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். கோயில் வாசலில் பிரிஜட்டை இறக்கிவிடும் வண்டியைப் பார்த்திருக்கிறான். அதே வண்டி துவாஸில் தன் விடுதி வழியாகப் போவதையும் பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பஸ் பிடித்து, எம்ஆர்டி ரயில் மாறி நகரத்துக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விடும், பல தடவை பூசைக்குப் பிந்திவிடுகிறது என்று பிரிஜட்டிடம் சொன்னானாம். அடுத்த ஞாயிறு தாஸ் அண்ணன் விடுதிப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார். பிரபாகரும் கூட இரண்டு பேரும் நடுவரிசையில் ஏறினார்கள்.

எய்டன் என்ன செய்வானோ என்று பிரிஜட் வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் எக்கி, பிரபாகரின் பின்மண்டையில் உள்ளங்கையை வைத்தான். அடிக்கவில்லை, பிடித்து இழுக்கவில்லை, வைத்தபடியே இருந்தான். பிரபாகர் நகரம் வரும்வரை கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்து வந்தான். அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு. பின்னால் நடந்ததற்கெல்லாம் அவனைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அவர்கள் இறங்கும்போது பணம் நீட்டினார்கள். தாஸ் அண்ணன் கோபித்துக்கொண்டார். பூசைக்குப் போகிறவனிடம் வண்டிக்கூலி வாங்குவதா என்றார். ஆனால் பெட்ரோல் நிலையத்தில் அவர் நிற்கும் நிலையைப் பிரபாகர் பார்த்துவிட்டான். டேங்க் நிரப்பச் சொல்ல முடியாமல், இத்தனை வெள்ளிக்கு என்று சொல்லிப் போடும் ஆளாக அவர் ஆகியிருந்தார். அடுத்த வாரமும் பணம் நீட்டப்பட்டது, அடுத்த வாரமும் மறுக்கப்பட்டது. இந்த மல்லுக்கட்டுக்குப் பிரிஜட் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து காசு போட்டுவைக்கும் தகர உண்டியல் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. மாதா படம் ஒட்டியது. அதைக் கொண்டுவந்து முன்சீட்டுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டாள். விருப்பப்பட்டவர்கள் மாதாவுக்குக் காணிக்கை போடட்டும். மாதாவுக்குப் போட்டதை மாதா தன் பிள்ளைக்குத் தருவாள். மாதா பெட்ரோல் நிலையத்தில் என்ன கார்டு கொடுத்துத் தள்ளுபடி வாங்குகிறாள் என்று நான் கேலி செய்தேன். பிரிஜட் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் அவர்கள் அதை முழுசாக நம்பினார்கள். அது சட்டத்தை ஏய்க்கப் போட்ட வேஷம் என்று இன்றைக்குப் பேசுகிறவர்களுக்குக் காணிக்கை என்றால் என்னவென்று தெரியாது. காணிக்கையாகப் போட்டது போட்டவனுடைய காசும் இல்லை, எடுத்தவனுடைய காசும் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான்.

வண்டி நிம்மதியாக ஓடிய காலம் அது. தாஸ் அண்ணன் மறுபடி ஏர்கான் போட்டார். லிஃப்டில் பாட்டு முணுமுணுத்தார். உண்டியலின் புண்ணியத்தில் வாரம் முழுக்கத் துவாஸ் போய்வர வழி பிறந்தது. பிரபாகரின் விடுதியில் செய்தி பரவியது. பூசைக்கு வருகிறவர்கள் போக, தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் சாப்பிடவும் வருகிறவர்களும் கேட்டார்கள். யார் எந்த வாரம் என்று பிரபாகர் போனில் செய்தி போட்டு ஒழுங்குபடுத்தினான். கூட்டம் அதிகமான வாரங்களில் தாஸ் அண்ணன் துவாஸுக்கு இன்னொரு நடை போய்வந்தார். எய்டனுக்குக் கொண்டாட்டம்.

என் வீட்டுக்காரர் ரத்னவேல் டாக்சி ஓட்டுகிறவர். அவருக்கு இது சரியாகப் படவில்லை. ஒரு மாலை கார்ப்பார்க்கில் வைத்து நேரடியாகவே சொன்னார்.

“தாஸு, லைசென்ஸ் இல்லாம ஆள் ஏத்துறது விளையாட்டு இல்ல லா. புடிச்சாங்கன்னா வண்டியவே தூக்கிருவாங்க.”

“நான் யார்கிட்டயும் கை நீட்டிக் காசு வாங்கலையே ரத்னம்.”

“அந்த டின்னு?”

“அது மாதாவுக்குப் போடுறது.”

“ஆபீசருக்கு மாதாவத் தெரியுமா?”

தாஸ் அண்ணன் வண்டிக் கதவைச் சாத்திப் பூட்டினார். முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பொறாமை என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். டாக்சிக்காரர்தானே, தன் பிழைப்பைத்தானே பார்ப்பார்.

பிடிபட்டது ரேஸ் கோர்ஸ் ரோட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தேக்கா முழுக்க ஊழியர் கூட்டம், கால் வைக்க இடமில்லை. ஆட்களை இறக்க வண்டி நின்றதும் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் வந்து கதவருகே நின்றுவிட்டார்கள். பிரபாகர் எல்லோரும் நண்பர்கள், ஒரே கோயில் என்றான். கூட இருந்தவர்களில் ஒருவன் அன்றுதான் முதல்முறை வந்தவன், ஊரிலிருந்து வந்தே சில வாரங்கள்தான் ஆகின்றன. வேலை அனுமதி போய்விடுமோ என்ற பயத்தில் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னான்.

“ஆளுக்கு அஞ்சு வெள்ளி சார். எல்லாரும் அந்த டப்பாவுல போட்ருவோம்.”

பிரபாகரின் போனில் இருந்த செய்திகளையும் பார்த்தார்கள். யார் வருகிறார்கள், எந்த நடையில் வருகிறார்கள், எல்லாம் பளிச்சென்று இருந்தது.

நான் அன்று தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பிரிஜட் போன் செய்தாள். அழுகையில் அவள் சொன்னது எதுவும் விளங்கவில்லை, இடம் மட்டும் விளங்கியது. மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நான் போனபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். பலர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். உள்ளே எய்டன் கத்திக்கொண்டிருந்தான். வண்டியே ஆடியது. இழுத்துச் செல்லும் லாரியும் வந்துவிட்டது. எல்லோரும் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எய்டனை இறக்க யாரால் முடியும்?

தாஸ் அண்ணன் அந்த அதிகாரிகளில் ஓர் இளம் மலாய்க்காரர் முன்னால் கைகூப்பி நின்றார். அவர் யார் முன்னாலும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் என் மகன் ஓடுகிற வண்டியில்தான் அடங்குவான், லாரியில் கட்டி இழுக்காமல் நானே ஓட்டிவந்து விடுகிறேன் என்று ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னார். சட்டையில் அஃப்னான் என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பிள்ளை எய்டனைப் பார்த்தான், தன் மேலதிகாரியிடம் போய்ப் பேசினான், திரும்பி வந்து தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பறிமுதல் செய்யும் வண்டியை அதன் சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு போனார். நானும் பிரிஜட்டும் நடுவரிசையில் இருந்தோம். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் எய்டன் அடங்கினான். நெற்றியைக் கண்ணாடியில் வைத்து ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்தான்.  முன்சீட்டில் அந்த அதிகாரி கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

வண்டிகளை நிறுத்திவைக்கும் கொட்டடியில் அவனை இறக்கியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வழக்கு முடியும்வரை வண்டி அங்கேதான் என்றார்கள். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் பழைய மனத்தாங்கலை விட்டுவிட்டு மறுநாள் மாலையே டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எய்டன் ஏறவில்லை. ஏற்றிய ஒரு நாள், சீட்டைக் கிழித்தான். வாடகைக்கு அதே மாதிரி வண்டி எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு அது வேறு வண்டி என்று தெரிந்துவிட்டது.

மாலை ஆனால் அவன் கீழே இறங்கிப் போய் வண்டி நிற்கும் இடத்தில் நிற்கத் தொடங்கினான். வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கட்டத்துக்குள், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. கார்ப்பார்க் யாருக்கும் சொந்தமில்லை, காலியாக இருந்தால் யாரும் நிறுத்தலாம். ஒரு மாலை யாரோ ஒருவர் அங்கே காரை நிறுத்த வந்து ஹார்ன் அடித்தார். எய்டன் அசையவில்லை. அவர் விடாமல் அடித்தார். பிரிஜட் ஓடிப்போய் மகன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான். அவளை அடிக்க வேண்டுமென்று உதறவில்லை. ஆனால் அவன் ஆறடி ஆள், அவள் என் தோள் உயரம். விளிம்புக் கல்லில் விழுந்தவளுக்கு மணிக்கட்டும் இடுப்பும் முறிந்தன. யாரோ போலிசைக் கூப்பிட்டார்கள். அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரிஜட் மருத்துவமனையில் இருந்தபோது சமூக சேவை அதிகாரி வந்து பேசினார். மென்மையாகத்தான் பேசினார். தாயார் எழுந்து நடக்கவே நாளாகும், தகப்பனார் வேலைக்குப் போக வேண்டும், மகனை யார் பார்ப்பது என்று கேட்டார்.  பகல் நிலையத்தில் வருடக்கணக்காக வராத இடம், தீவின் மறுகோடியில் ஓர் இல்லத்தில் சட்டென்று கிடைத்துவிட்டது. அவசரம் என்றால் அங்கே இடம் இருக்கிறது. பிரிஜட் வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு யாரும் எழுந்து சமையலறைக்குப் போக முடியவில்லை.

போன முதல் வாரங்களில் அவன் அங்கே என்ன பாடு பட்டான் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் அடங்கினான். அந்தக் கட்டடத்தில் நாலு பக்கமும் சுற்றிவரும் நீளமான நடைபாதை உண்டு. மாலையில் அதையே சுற்றிச் சுற்றி நடக்கிறான், பிறகு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான், நல்ல பிள்ளை என்றார்கள். தாஸ் அண்ணன் நன்றி சொல்லிவிட்டு வந்தார். பிரிஜட்டுக்கு அதுதான் தாங்கவில்லை. அவன் கத்துகிறான் என்று சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

வழக்கில் அபராதம் போட்டார்கள். வண்டியைப் பறித்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகனுடைய நிலையைக் கருதி என்றார்கள். அப்போது பெட்ரோல் விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிரிஜட் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். வண்டி வந்துவிட்டது, இனிப் படிப்படியாக அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டிவந்து, வீட்டில் சாப்பிடவைத்து, கொண்டுபோய் விடுவது. துணைக்கு என்னையும் வரச் சொன்னார்கள்.

பிரிஜட் முந்தின நாளே அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டலுக்கு எல்லாம் தயார் செய்துவிட்டாள். தாஸ் அண்ணன் வண்டியைக் கழுவி, டேங்க் நிறைய அடித்திருந்தார். எய்டன் இல்லத்து வாசலில் வண்டியைப் பார்த்ததும் நின்றான். பிறகு நேராக வந்து கடைசி வரிசையில் தன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பிரிஜட் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் மறக்கவில்லை. துவாஸ் வரை போனோம், அதே இடத்தில் திரும்பினோம். வழியெல்லாம் அந்த ராகம். தாஸ் அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் கண்டதில்லை.

சுவா சூ காங் வந்தது. கார்ப்பார்க்கில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். எய்டன் இறங்கவில்லை.

கத்தவில்லை, கடிக்கவில்லை. முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிரிஜட் கூப்பிட்டாள். சாப்பாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாடிக்குப் போய் அவனுடைய தட்டை எடுத்துவந்து காட்டினேன். அவன் அதைப் பார்த்தான், கையால் மெல்ல ஒதுக்கினான். நின்ற வண்டியில் ஒரு நிமிடம் பொறுக்காதவன், அவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன்.  தாஸ் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே சாப்பாட்டு நேரம். தாஸ் அண்ணன் கதவை முழுசாகத் திறப்பதற்குள் எய்டன் தானாகவே இறங்கினான். யார் கையையும் பிடிக்காமல் படியேறி, நடைபாதையில் திரும்பி, தன் மேசையில் போய் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டு வருவதற்காக உட்கார்ந்திருந்தான். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாஸ் அண்ணன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பிள்ளை களைத்துப்போயிருப்பான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

பிரிஜட் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா,” என்றாள். “அவன் வீட்டுக்குப் போய்ட்டான்.”